மரம் எப்படிப் பருக்கிறது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. அப்புறம், மரம் பருப்பதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சரி, சொல்கிறேன்.

பச்சை மரத்தின் பட்டையை உரித்தால் கட்டைக்கு மேலே வழவழவென்று கையில் படுமே, அங்கேதான் கேம்பியம் என்ற மெல்லிய செல் அடுக்கு இருக்கிறது. அதன் செல்கள் பிரிந்து உள்பக்கம் நீரைக் கடத்தும் சைலமாகவும் வெளிப்பக்கம் உணவைக் கடத்தும் ஃபுளோயமாகவும் ஆகின்றன. நாம் கட்டை என்பது முழுக்கச் சைலம்தான். பனைக்குக் கேம்பியமே கிடையாது, அதற்கு ஆண்டு வளையமும் இல்லை.

எந்தச் செல் எதுவாக வேண்டும் என்று யார் சொல்வது? ஃபுளோயத்தில் சிஎல்இ41 என்ற மரபணு ஒரு குட்டிப் புரதத் துணுக்கை உண்டாக்குகிறது. அது கேம்பியத்துக்கு வந்து அங்குள்ள செல்களில் சேதி வாங்கும் பிஎக்ஸ்ஒய் என்ற ஏற்பியில் ஒட்டி, 'சைலமாக மாறாதே, பிரிந்துகொண்டே இரு' என்கிறது. இதை முதலில் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில்தான் கண்டுபிடித்தார்கள். மரத்திலும் அப்படியேதானா என்று பார்க்க, பாப்லர் என்ற மரத்தில் அந்த மரபணுக்களைக் கிரிஸ்பரால், அதாவது மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கருவியால், கெடுத்துப் பார்க்கிறோம். பாப்லரின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதும், படிக்கப்பட்டு 2006-லேயே வெளிவந்துவிட்டது. கிரிஸ்பர் அதில் வேலை செய்வதை 2015-இல் காட்டினார்கள். நிறமி உண்டாக்கும் ஒரு மரபணுவை வெட்டியதும் கன்றுகள் வெள்ளையாக முளைத்தன! பருமன் அப்படிச் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. தண்டை மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் செல் வரிசைகளை எண்ண வேண்டும்.

பெரிய தொல்லை வேறு. பாப்லரின் மூதாதையில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது. அதனால் பல மரபணுக்களுக்கு ஜோடி உண்டு. ஒன்றைக் கெடுத்தால் மற்றது சமாளித்துவிடும், மரமும் ஒன்றும் நடக்காதது போல வளரும். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் இடமாகத் தேடி கிரிஸ்பருக்கு வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை அமைத்தால் இரண்டையும் சேர்த்தே வெட்டலாம். ஆனால் இரண்டும் கெட்டுக் கன்று குட்டையாகிவிட்டால், காரணம் கேம்பியமா வேறா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மரபணுவை முழுக்கக் கெடுக்காமல், அது எவ்வளவு இயங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் முன்பகுதியை மட்டும் திருத்துவதே எனக்குப் பிடித்த வழி.

'வேகமாகப் பருக்கும் மரம்' என்ற செய்திகளை அப்படியே நம்பிவிடாதே. கண்ணாடிக்கூடத்துக் கன்று முப்பது வருடம் காற்றிலும் வறட்சியிலும் நிற்பதில்லையே. மகரந்தம் வெளியே போய்விடாதா என்ற உன் பயம் நியாயமானதுதான். ஆனால் பாப்லர் பூக்கவே பல வருடங்கள் ஆகும். நாங்கள் அதற்கு வெகு முன்பே வெட்டிச் சீவிவிடுகிறோம்.

வேலையில் சேர்ந்ததும் மகளை எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
ரகு