சிரட்டையில தண்ணி வச்ச தம்பிக்கு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வீட்டுக்கு வந்திட்டார். முந்தாநேத்துப் பின்னேரம் நாலரை மணிக்கு எங்கட ஒழுங்கைக்குள்ள வான் திரும்பினது, அந்த நேரம் தொடக்கம் ஆராவது வந்துகொண்டும் கோல் எடுத்துக்கொண்டும்தான் இருக்கினம், தனித்தனியா எல்லாருக்கும் பதில் சொல்ல எனக்கு ஏலாமக் கிடக்கு, அதாலதான் இதை எழுதுறன். என்ன நடந்தது எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பவும் எழுத மனம் வரேல்ல. 32 நாள் கொழும்பு ஆசுப்பத்திரியில, அவ்வளவுதான். இப்ப அப்பா முன் விறாந்தையில சாய்மனைக் கதிரையில இருக்கிறார், நான் பக்கத்தில நிலத்தில இருந்து போனில தட்டிக்கொண்டு இருக்கிறன், அவர் மூச்சு விடுற சத்தம் கேக்குது, அது போதும்.

நன்றி சொல்ல வேண்டிய ஆக்கள் கனபேர். அண்டைக்கு ராத்திரி கேட்டை உதைச்சுத் திறந்துகொண்டு ஓடிவந்த முன்வீட்டு அண்ணா. திருகோணமலையில இருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றருக்குக் கிட்ட விடிய விடிய அம்புலன்ஸ் ஓடின சாரதி, ஹபரணைக் காட்டுக்குள்ள ரோட்டில யானை நிண்டு நாங்கள் எல்லாரும் உறைஞ்சு போய் இருக்கேக்க அந்த மனுசன் திரும்பிப் பாத்து "பய வென்ன எப்பா நங்கி", பயப்பிடாதேங்கோ தங்கச்சி எண்டு சிங்களத்தில சொன்ன குரல் இன்னும் காதுக்குள்ள இருக்கு. ரத்தம் குடுத்த பொடியள், வெள்ளவத்தையில அறையைத் திறந்து விட்ட சித்தி, பிள்ளையளைச் சாம்பல்தீவில வச்சுப் பள்ளிக்கூடம் அனுப்பின மாமி, பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வச்ச பெரியம்மா, பொங்கலண்டு வாட்டில எங்களுக்கு எண்டு கிரிபத், பாற்சோறு, கட்டிக்கொண்டு வந்த பக்கத்துக் கட்டில் ஐயாவின்ர மகள், தம்பலகாமத்தில எங்கட ரெண்டு ஏக்கரையும் மழைக்கு முதல் மெசின் விட்டு வெட்டி, காயப்போட்டு, மூட்டைக் கணக்கையும் வாட்ஸ்அப்பில அனுப்பின மச்சான்மார். உங்கள் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுறன். ஆரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தலை இன்னும் சரியா வேலை செய்யேல்ல.

ஆனா இண்டைக்கு நான் எழுத வந்தது வேற ஒராளைப் பற்றி. அவரை உங்களில பாதிப்பேருக்குத் தெரியும், பேர் தெரியாது. எங்களுக்கும் தெரியாமத்தான் இருந்தது.

அப்பாவைத் தெரிஞ்ச ஆக்களுக்கு அவர்ட குருவி முட்டியளையும் தெரிஞ்சிருக்கும். துறைமுகத்தில வேலையால ஓய்வு எடுத்தாப் பிறகு பிடிச்ச பழக்கம். முன் விறாந்தைக் கூரையில நாலு மண் முட்டி தொங்குது, வாய்ப்பக்கத்தைச் சிரட்டையால அடைச்சு வயித்தில ஒரு துளை, துளை ஒண்டேகால் இஞ்சிதான் இருக்க வேணும், அதுக்கு மேல போனா மைனா பூந்து குருவியைக் கலைச்சுப் போடும் எண்டு சொல்லி அவரே அரத்தால ராவி ராவி எடுப்பார். முந்தி ஓட்டு வீடுகளில ஓட்டுக்குக் கீழ, வளைக்கும் சுவருக்கும் இடையில எல்லாம் குருவிக்கு இடம் இருந்தது, இப்ப பிளாட் அடிச்சு சீலிங் போட்டு எல்லாத்தையும் அடைச்சிட்டம், அதுகள் எங்க போறது எண்டு கேப்பார். ஒவ்வொரு முட்டியிலயும் வெள்ளைப் பெயின்ற்றால நம்பர். ஒரு சீஆர் கொப்பி இருக்கு, அதில திகதி போட்டு எந்த முட்டியில எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எந்த நாள் பறந்தது எண்டு எழுதுவார். காலமை அரிசிக் குறுணல் ஒரு பிடி, மதில்ல ஒரு சிரட்டையில தண்ணி. எனக்கு உண்மையா அதில பெரிய ஈடுபாடு இருந்ததில்லை, விறாந்தை கூட்டுற வேலை எனக்கெண்டதால எச்சத்தைப் பாத்து எரிஞ்சு விழுந்த நாளும் இருக்கு. அதை நினைக்க இப்ப நெஞ்சு கனக்குது.

அடுத்தது புதிர், அதுதான் புது நெல் எடுத்துப் படைக்கிற சடங்கு. தைப்பூசத்தண்டு விடிய அப்பா தம்பலகாமத்துக்குப் போவார், குளிச்சிட்டு, வேட்டியோட, கிழக்க பாத்துக் கும்பிட்டுக் கொஞ்சம் கதிர் வெட்டி வெள்ளைத் துணியில சுத்திக்கொண்டு வருவார். சாமி அறையில வச்சுப் படைச்சு, புது நெல்லைக் குத்தி பானையில ஒரு பிடி போட்டுப் பொங்கிச் சாப்பிடுறது. ஒரு பிடிக் கதிரை மட்டும் தனியா எடுத்து வாசல் நிலையில கட்டுவார், அது குருவிக்கு. இது அப்பப்பா காலத்துப் பழக்கம். 1986 சித்திரையில கந்தளாய்க் குளம் உடைஞ்சு ஊரெல்லாம் அழிஞ்சு கிடந்ததுக்குப் பிறகு வந்த தைப்பூசத்தில கூட அப்பப்பா ஆரிட்டயோ ஒரு பிடிக் கதிர் கேட்டு வாங்கிவந்து கட்டினவராம். சண்டைக் காலத்திலயும் எப்பிடியாவது ஒரு பிடி வந்திடும். அதால இந்தமுறை தைப்பூசத்தண்டு ஆசுப்பத்திரி ஓடையில, வாட்டுக்கு வெளிய நடைபாதையில, வாங்கில இருந்து அம்மா அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்ல. "வீடு பூட்டிக் கிடக்குது பிள்ளை, வாசல் வெறுவாசலாக் கிடக்குது" எண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. நான் ஒண்டும் சொல்லேல்ல, எனக்குச் சொல்ல ஒண்டும் இருக்கேல்ல.

முந்தாநேத்து வான் வந்து நிண்டது. மச்சான் அப்பாவைத் தாங்கி இறக்கினான். நான் திறப்பைத் தேடிக்கொண்டு நிண்டனான், அம்மா பைகளை எண்ணிக்கொண்டு நிண்டா, அப்பா மட்டும் அசையாம வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டார். அந்த ஒரு மாசமும் அவர் கதைச்சது "தண்ணி", "காணும்", "ம்", இவ்வளவுதான், இது எல்லாருக்கும் தெரியும். அவர் கையைத் தூக்கிக் காட்டி "ஆர் கட்டினது?" எண்டு கேட்டார். ரெண்டு சொல்லு. வடிவா, தெளிவா.

நிலையில ஒரு பிடி நெற்கதிர் தொங்கிக்கொண்டு இருந்தது. பாண் போடுற பொலித்தீன் பையைக் கிழிச்சுத் திரிச்சுக் கயிறாக்கி அதாலதான் கட்டி இருந்தது, முடிச்சு மூண்டு, காத்துக்கு அவிழாம இருக்க. ஒரு பக்கத்துக் கதிரைக் குருவியள் முழுக்கக் கொத்தி வெறும் காம்பாக்கிப் போட்டுதுகள், கீழ படியெல்லாம் உமி. மதில்ல சிரட்டை நிறையத் தண்ணி, சரியாம இருக்க ரெண்டு பக்கமும் கல்லு அண்டைகுடுத்து வச்சிருந்தது. 32 நாள் பூட்டிக் கிடந்த வீட்டு மதில்ல, தண்ணி தெளிஞ்சு, ஒரு பாசி இல்லாம.

ஆர் எண்டு எங்களுக்கு விளங்கேல்ல. பக்கத்து வீட்டு ஆச்சிதான் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து "சூன் பாண் பொடியன் பிள்ளை, ஒவ்வொரு நாளும் வந்தவன்" எண்டா.

அந்த மெட்டுப் போட்டுக்கொண்டு வருமே பாண் ஓட்டோ, அந்தத் தம்பி. கிண்ணியாப் பொடியன். மூண்டு வருசமா எங்கட ஒழுங்கைக்கு வாறான். நான் அவனோட கதைச்சது "ரெண்டு பாண், ஒரு கிம்புலா பனிஸ், மிச்சம் இருக்கா?" இவ்வளவும்தான். அப்பா கேற்றில நிண்டு கதைக்கிறவர் எண்டு தெரியும், என்ன கதைக்கிறவர் எண்டு நான் கேட்டதில்லை.

நேத்துக் காலமை மெட்டுக் கேட்டவுடன நான் வெறுங்காலோட ஓடினன். அவன் எங்களைக் கண்டிட்டு ஓட்டோவை நிப்பாட்டி இறங்கி முதல் கேட்ட கேள்வி "ஐயா வந்திட்டாரா அக்கா?" எண்டது. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னான். நாங்கள் போறதுக்கு முதல் நாள்தான் அப்பா அவனைக் கூப்பிட்டு ரெண்டாம் முட்டியைக் காட்டி மூண்டு குஞ்சு இருக்குது எண்டு சொல்லி இருக்கிறார். அடுத்த நாள் வந்தா வீடு பூட்டு. "குஞ்சு இருக்கிற நேரம் தாய்க்குருவி தண்ணிக்கும் தீனுக்கும் தூரப் போனாச் சரிவராது எண்டு ஐயா சொன்னவர், அதான்." அதான் எண்டு சொல்லி நிப்பாட்டிட்டான், மேல சொல்ல ஒண்டும் இல்லாத மாதிரி.

நான் கேட்டன், பாணைப் பிச்சுப் போட்டனீங்களா எண்டு. இல்லையாம். பாண் குருவிக் குஞ்சுக்குக் கூடாது எண்டு அப்பா முந்தி ஒருக்கா அவனுக்குச் சொன்னவராம், அதால வீட்டில உம்மாட்டச் சொல்லி அரிசி புடைக்கேக்க விழுற குறுணலை யோகட் கப்பில போட்டுத் தரச்சொல்லி ஒவ்வொரு நாளும் கொண்டுவந்திருக்கிறான். ஓட்டோ நிறையப் பாணை வச்சுக்கொண்டு, குறுணல் தனியா, ஒரு யோகட் கப்பில. அந்தக் கப்பை எனக்குக் காட்டினான், சாரதி சீற்றுக்குப் பக்கத்தில ரப்பர் பாண்ட் போட்டு நிமிந்து நிக்க வச்சிருக்கிறான், அதைப் பாத்தவுடன எனக்கு அழுகை வந்திட்டுது, அவன் பாவம் என்ன செய்யிறது எண்டு தெரியாம ஒரு மாலு பாணை எடுத்து என்ர சின்னவளுக்குக் குடுத்தான்.

கதிர் அவன்ட மாமனார்ட வயலில வெட்டினது. போன வருசம் அப்பா கதிர் கட்டிக்கொண்டு நிக்கேக்க, வாசலில கதிர் இல்லாட்டிக் குருவி கோவிச்சுக்கொண்டு வேற வீட்டுக்குப் போயிடும் எண்டு சொன்னவராம். அதை அவன் ஞாபகம் வச்சிருந்திருக்கிறான். தைப்பூசம் எப்ப எண்டு தெரியாம ஆச்சிட்டக் கேட்டு, அண்டைக்குக் காலமை கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வரேக்க கதிரைப் பாண் பையில சுத்தி மடியில வச்சுக்கொண்டு வந்து, கட்டுறதுக்கு முதல் ஆச்சியைக் கூப்பிட்டு "நான் கட்டினாப் பிழையில்லையே ஆச்சி, உங்கட சாமிக் காரியம்" எண்டு கேட்டிருக்கிறான். ஆச்சியைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அவ ஆசாரம் பாக்கிற மனுசி, எங்களையே குளிக்காமச் சாமி அறைப்பக்கம் விட மாட்டா. "நெல்லுக்கு என்னடா மகன் பிழை, கையை மட்டும் அலம்பிப்போட்டுக் கட்டு" எண்டு சொல்லி, ஏறி நிக்க இருக்கிற கதிரை ஒண்டும் தூக்கிவந்து குடுத்திருக்கிறா. அவ தன்ர வீட்டில இருந்து ஒரு துண்டு சூடமும் கொண்டுவந்து எங்கட வாசல்படியில கொளுத்தினவவாம். நாங்கள் கொழும்பில ஓடையில இருந்து அழுத அதே காலமை, எங்கட வாசலில இது நடந்திருக்கு.

காசு குடுக்கப் போனன், அவன் முகம் மாறிட்டுது, உடன கையை உள்ளுக்கு இழுத்திட்டன். அம்மாதான் சரியானதைச் செய்தா. உள்ளுக்குப் போய், மச்சான்மார் கொண்டுவந்து வச்ச தம்பலகாமத்துப் புது நெல்லில குத்தின அரிசியை அள்ளிவந்து அந்த யோகட் கப்பை வாங்கி வாய்மட்டம் நிரப்பி, வந்த ஏனத்தை வெறுமையா அனுப்பக் கூடாது தம்பி, உம்மாட்டக் குடுங்கோ எண்டு குடுத்தா. அதை மட்டும் ரெண்டு கையாலயும் வாங்கினான்.

நேத்து ராத்திரி எனக்கு நித்திரை வரேல்ல. எத்தனையோ பெரிய உதவி எல்லாம் எங்களுக்குக் கிடைச்சிருக்கு, உயிரையே மீட்டுத் தந்த டொக்டர்மார் இருக்கினம், அதுக்கெல்லாம் நன்றி சொல்ல எனக்குச் சொல்லு தெரியும். இதுக்குத் தெரியேல்ல. அவனுக்கு எங்கட பக்கத்தால ஒண்டும் வர இருக்கேல்ல, நாங்கள் திரும்பி வருவமா எண்டே ஆருக்கும் நிச்சயம் இருக்கேல்ல, வீடு பூட்டி இருக்கிற இடத்தில பாண் விக்கவும் ஏலாது. ஒழுங்கை முடியும் வரை வந்து ஒரு கப் குறுணலைக் கொட்டி, சிரட்டையைக் கழுவித் தண்ணி ஊத்திப்போட்டுப் போறதுக்கு ஒரு மூண்டு நிமிசம் போகும். அந்த மூண்டு நிமிசத்தை 32 நாள் குடுத்திருக்கிறான், அதை ஆரிட்டயும் சொல்லவும் இல்ல, ஒரு போட்டோ எடுத்து அனுப்பவும் இல்ல.

தம்பி, நீங்கள் இதை வாசிப்பீங்களோ தெரியாது, உங்கட போனுக்கு ஆராவது அனுப்பி வைப்பினம் எண்டு நம்புறன். உங்கட பேரை இதில போட வேண்டாம் எண்டு கேட்டீங்கள், போடேல்ல. ஆனா எங்கட வீட்டில இனி உங்கட பேர் தெரியாத ஆள் இல்ல, சின்னவள் காலமை எழும்பின நேரம் தொடக்கம் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியுறாள். இனிக் குறுணலும் தண்ணியும் என்ர பொறுப்பு, விறாந்தை கூட்டுறதும் நான்தான், ஒரு சொல்லுச் சொல்ல மாட்டன். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாம், அதுக்கு முதல் பிள்ளையளோட சேர்ந்து பத்து முட்டி துளைச்சு ஒழுங்கையில வீட்டுக்கு ஒண்டாக் குடுக்கப் போறன், வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. அடுத்த தைப்பூசத்தில தம்பலகாமத்தில வெட்டுற முதல் பிடிக் கதிர் கிண்ணியாவுக்குத்தான் வரும், உங்கட உம்மா எங்க கட்டச் சொல்லுறாவோ அங்க நானே கட்டுவன்.

இண்டைக்குக் காலமையும் ஓட்டோ வந்தது. அப்பா கதிரையில இருந்தபடி கையைக் காட்டி அவனை உள்ளுக்குக் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லா, களைச்சுக் களைச்சு, ரெண்டாம் முட்டிக் குஞ்சு எப்ப பறந்தது எண்டு கேட்டார். அவன் யோசிச்சு, பொங்கல் முடிஞ்சு அடுத்த கிழமை ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கெதியாப் போக வேணும் எண்டு அவசரமா வந்த நாள், அதால ஞாபகம் இருக்கு, மூண்டும் பறந்திட்டுது எண்டான். அப்பா என்னைப் பாத்தார். நான் சீஆர் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தன். அவருக்குக் கை இன்னும் நடுங்குது, பேனை பிடிக்க ஏலாது, அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினன்: தை, வெள்ளிக்கிழமை. ரெண்டாம் முட்டி. மூண்டு குஞ்சும் பறந்தது. பாத்தது பாண் தம்பி.