ஏற்காடு மலைப்பாதையில் வாகன வகைவாரியாக வேக வரம்பு நிர்ணயித்துப் பலகை வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு காப்பி விவசாயி,
நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: சேலம் அடிவாரம் – ஏற்காடு சாலையிலும் குப்பனூர் சாலையிலும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனியாக, வாகன வகைக்கேற்ப வேக வரம்பு அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நாகலூரில் மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் பயிரிட்டு வருகிறேன். விளைந்ததை இறக்கவும் உர மூட்டை ஏற்றிவரவும் சொந்தப் பிக்கப் வண்டியில் வாரத்துக்கு இரண்டு நடையாவது சேலம் போய் வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாதையில் வண்டி ஓட்டும் அனுபவத்தில் இம்மனுவைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

கடந்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உர மூட்டைகளோடு ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து வந்த ஒரு சுற்றுலா வேன் வளைவை முழுதாக ஒடிக்க முடியாமல் என் பக்கம் வந்து, வண்டியின் பக்கவாட்டை உரசிக்கொண்டு போய் மண்மேட்டில் முட்டி நின்றது. முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. பிரேக் லைனிங் தீய்ந்த நாற்றம் அந்த வளைவு முழுவதும் அடித்தது. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. எந்த கியரில் இறங்கினீர்கள் தம்பி என்று ஓட்டுநரிடம் கேட்டேன். நாலாவது கியர் என்றார். கோபத்தில் நான் சத்தம் போட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: “அண்ணா, இந்த ரோட்டுல எவ்வளவு ஸ்பீடுன்னு எங்கேயும் போடலையே.” அவர் மேல் தவறு இருந்தாலும், அந்தப் பதிலில் இருந்த உண்மையை என்னால் மறுக்க முடியவில்லை. நான் அன்றாடம் போகும் வழியில் “மெதுவாகச் செல்லவும்” என்றும் “அபாயகரமான வளைவு” என்றும் பலகைகளைப் பார்க்கிறேன். ஆனால் எந்த வண்டி எத்தனை கிலோமீட்டரில் போக வேண்டும் என்ற எண் என் கண்ணில் பட்டதில்லை. எண் இல்லாத பலகையைக் காட்டி எந்தக் காவலரும் அபராதம் விதிக்க இயலாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112இன்படி மத்திய அரசு வாகன வகைவாரியாக அதிகபட்ச வேகத்தை அறிவிக்கிறது. 2018 ஏப்ரல் 6 நாளிட்ட அறிவிக்கையில், ஓமலூர் வழியாகத் தருமபுரி போகும் சாலையைப் போன்ற நான்கு வழிச்சாலைகளுக்குக் காருக்கு மணிக்கு 100 கி.மீ., பேருந்துக்கு 90, சரக்கு வாகனத்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 80, ஆட்டோவுக்கு 50 என வரம்பு கூறப்பட்டது. “இதர சாலைகள்” என்ற தலைப்பில் காருக்கு 70, பேருந்து, லாரி, பைக் ஆகியவற்றுக்கு 60 எனக் குறிக்கப்பட்டது. இந்த வேகங்கள் மிகை என்று கருதி 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்ததையும் அறிவேன். எந்த எண் நிலைத்தாலும் எங்கள் நிலைமை மாறப்போவதில்லை. ஏனெனில், அப்பட்டியலில் மலைப்பாதைக்கென்று தனி வரிசையே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட எங்கள் சாலையும் அதில் ஓர் “இதர சாலை”தான். ஏற்காட்டுப் பாதையில் கார் 70இல் இறங்கலாம் என்று அந்தப் பட்டியலை வைத்து ஒருவர் வாதாடினால், இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்போம்.

சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் மலைச்சாலை வழிகாட்டுநெறி, கொண்டை ஊசி வளைவின் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகத்தை மணிக்கு 20 கி.மீ. என்றும், உள்வளைவின் குறைந்தபட்ச ஆரத்தை 14 மீட்டர் என்றும் வகுத்துள்ளது. இருபதில் திரும்ப வேண்டிய வளைவில் நாற்பதில் திரும்பினால், வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை இரு மடங்காக அல்ல, நான்கு மடங்காகிறது. உயரமான வேனும் மேலே பாரம் கட்டிய லாரியும் காருக்கு முன்பே சாய்ந்துவிடும் என்பதால்தான் வகைவாரியான வரம்பைக் கேட்கிறேன்.

ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் ஒரே எண் போதாது என்பதையும் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன். ஏறும் வண்டியைப் பாரமே பிடித்து இழுக்கும். இறங்கும் வண்டியை அதே பாரம் தள்ளும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது இங்கே வண்டி ஓட்டுபவர்களுக்குப் பழகிய பாடம். சமவெளியிலிருந்து வருபவர்களோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, பாதி மலையிலேயே அதைச் சூடாக்கிவிடுகிறார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அக்கருவி பேருந்துக்கும் லாரிக்கும் 80, பள்ளி வாகனத்துக்கும் டேங்கர் லாரிக்கும் 60 என்ற அளவில்தான் தடுக்கும்; 25இல் இறங்க வேண்டிய இடத்தில் 45இல் இறங்குபவரை அது ஒன்றும் செய்யாது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் பலியானதைத் தாங்கள் அறிவீர்கள். அதன் காரணத்தைக் கூறுவது என் வேலையல்ல. இறங்கும் திசைக்குத் தனிக் கவனம் தேவை என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

பிரிவு 112(2)இன்படி, பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டோ சாலையின் தன்மையை முன்னிட்டோ, மாநில அரசோ அதனால் அதிகாரமளிக்கப்பட்டவரோ அரசிதழ் அறிவிக்கை வெளியிட்டு, பிரிவு 116இன்படி சாலையில் குறியீடும் வைத்து, ஒரு சாலைக்குத் தனி வேக வரம்பு நிர்ணயிக்கலாம். ஆகவே மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் மூலம் உரிய முன்மொழிவை அனுப்பி, கொண்டை ஊசி வளைவுகளில் எல்லா வாகனங்களுக்கும் 20, வளைவுகளுக்கு இடையே கார், பைக்குகளுக்கு 30, பேருந்து, வேன், லாரிகளுக்கு ஏற 30, இறங்க 20 என்ற அளவில் வரம்பு அறிவிக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள் அளந்து பார்த்து எண்களை மாற்றினாலும் ஆட்சேபணையில்லை. எண் என்று ஒன்று வேண்டும். வண்டியின் படத்தோடு அந்த எண்ணைப் பெரிதாக எழுதிய பலகை, அடிவாரச் சோதனைச் சாவடியிலும் ஏற்காட்டிலிருந்து இறங்கத் தொடங்கும் இடத்திலும் இருக்க வேண்டும். வெளிமாநில வண்டிகளும் வருவதால் படம் அவசியம்.

வரம்பு அறிவிக்கப்பட்டால், மீறும் இலகுரக வாகனத்துக்கு ரூ.1,000 முதல் 2,000 வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் 4,000 வரையும் பிரிவு 183இன்கீழ் அபராதம் விதிக்கக் காவல் துறைக்கும் வழி பிறக்கும். சுற்றுலா பாதிக்கும் என்று விடுதி நடத்தும் நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாவதால் ஏரியையும் பகோடா பாயிண்டையும் பார்க்க வருபவர் யாரும் திரும்பிப் போகமாட்டார். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் சாலைக்கும் இதே ஏற்பாட்டை விரிவுபடுத்த வேண்டுகிறேன்.

அடுத்த கோடை விழாக் கூட்டம் வரும் முன் பலகைகளாவது வைக்கப்பட்டால் உதவியாக இருக்கும். ஆய்வுக்கு அலுவலர்கள் வரும் நாளைத் தெரிவித்தால், ஒன்பதாவது வளைவில் அந்த வேன் முட்டிய மண்மேட்டை நேரில் காட்டக் காத்திருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்; வட்டாரப் போக்குவரத்து அலுவலர்; நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், சேலம்.