படத்தில் வலப்பக்கம் நிற்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எவரெஸ்ட் ஏறிவந்த நம் இளைஞரைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். அவர் பட்ட பாட்டுக்கு அது தகும். எனக்குப் பொறுக்கவில்லை என்றால், அது இரண்டாம் பக்கப் படத்துக்குக் கீழே இருந்த வரிதான். படத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு முனையாகக் கொடியைப் பிடித்திருக்கிறார்கள். இடப்பக்கம் நிற்பவருக்குப் பெயர், ஊர், படிப்பு எல்லாம் இருக்கிறது. வலப்பக்கம் நிற்பவர் வெறும் 'உடன் சென்ற ஷெர்பா'. ஷெர்பா என்பது மலையேறுவோருக்குத் துணை நிற்கும் நேபாள மலைவாழ் இனத்தாரின் பெயர், ஒரு ஆளின் பெயர் இல்லை. நிதி கொடுத்தவர்களின் பெயரும் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் பெயரும் விமான நிலையத்தில் மாலை போட்டவர்களின் பெயரும் கட்டுரையில் வருகின்றன. 8,000 மீட்டருக்கு மேலே அந்தப் பிள்ளைக்கு ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தவருக்குத்தான் பெயர் இல்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. 1953 மே 29 அன்று, எவரெஸ்டை முதன்முதலில் ஏறியபோது உச்சியில் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தில் நிற்பவர் ஷெர்பாவான டென்சிங் நார்கே. எடுத்தவர் அவரோடு ஏறிய ஹிலாரி. பிறகு ஹிலாரிக்கும் குழுத் தலைவர் ஜான் ஹன்ட்டுக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது, டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடலோடு சரி. எழுபது வருடம் தாண்டியும் நாம் அதே வரிசையில்தான் மரியாதை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். 2014 ஏப்ரல் 18-ஆம் தேதி எவரெஸ்ட் ஏறும் வழியிலுள்ள கும்பு பனியருவியில் பனி சரிந்து 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத்துப் பணியாளர்கள், ஏறவந்தவர்களுக்காக மேல் முகாம்களுக்குச் சுமை கொண்டுபோனவர்கள். குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று அந்த அரசு முதலில் அறிவித்ததும் ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்தப் பருவம் முழுக்க ஏற மறுத்தார்கள். உங்கள் பத்திரிகையில் அது ஒரு துண்டுச் செய்தியாக வந்தது. அதுவும் பயணம் தடைப்பட்டவர்களின் ஏமாற்றத்தைப் பற்றி! அப்போதே எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே ஆட்கள் நெருக்கியடித்து வரிசையில் நிற்கும் படம் உலகமெல்லாம் சுற்றியதே, அதை முழுப் பக்கத்துக்குப் போட்டீர்கள். எடுத்தவர் நேபாளத்தில் பிறந்த நிர்மல் புர்ஜா. நீங்கள் போட்டது, 'நன்றி: இணையம்'.

நான் எவரெஸ்ட் ஏறியவள் இல்லை. இளவயதில் மலையேற்ற அடிப்படைப் பயிற்சி முடித்தேன். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எவரெஸ்ட் அடிவார முகாமான பேஸ் கேம்ப் வரை நடந்துபோனேன். எங்கள் குழுவின் போர்ட்டர்களில் ஒரு தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. எங்கள் பைகள் மூன்றைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, பட்டையை நெற்றியில் கொடுத்துச் சுமந்தான். நாம்சே பஜாருக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் மூச்சு வாங்கினால் சுமையை இறக்க மாட்டான். கையிலிருக்கும் குட்டைக் கட்டையைச் சுமைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே ஆறுவான். பட்டை அழுந்திய இடத்தில் முடி தேய்ந்து தோல் தடித்திருந்தது. அதற்கும் மேலே டிங்போச்சே போனதும் அவனுக்குத் தலைவலி, வாந்தி. எங்களில் ஒருவருக்கு இதே தொல்லை வந்தபோது வழிகாட்டி கூடவே இறங்கினார், ஹெலிகாப்டருக்குச் சொன்னார்கள். அந்தத் தம்பியை மட்டும் தனியாக இறங்கிப் போகச் சொன்னார்கள். கூலியும் சுமந்த நாளுக்கு மட்டும்தானாம். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் இந்த உயர நோய் முற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும் என்பது மலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். நான் கத்திய பிறகுதான் இன்னொரு பையனைத் துணைக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கட்டுரையோடு 'மலையேறுவோரின் இன்றைய பிரச்சினைகள்' என்று பெட்டிச் செய்தி வேறு. நெரிசல், குப்பை, கட்டண உயர்வு. 11,000 டாலராக இருந்த அனுமதிக் கட்டணம் 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர் ஆனது உண்மைதான். ஆனால் அந்தக் குப்பையை முதுகில் சுமந்து கீழே கொண்டுவருகிறவர்கள் யார்? பனியருவியில் வருடா வருடம் ஏணியும் கயிறும் பொருத்துகிறவர்கள் ஒரு சிறு ஷெர்பா குழுவினர். காசு கட்டி வருகிறவர் அந்த இடத்தை ஒரு பருவத்தில் சில தடவை கடந்தால், கூடாரமும் கேஸும் சிலிண்டரும் சுமப்பவர் அதைப்போலப் பல மடங்கு கடக்கிறார். 2023 ஏப்ரலில் மூன்று ஷெர்பாக்கள் அங்கேதான் செத்துப்போனார்கள். 2024 ஆகஸ்டில் மேலே பனிப்பாறை ஏரி உடைந்து 'தாமே' என்ற ஷெர்பா கிராமத்துக்குள் வெள்ளம் புகுந்தது, வீடுகளும் பள்ளிக்கூடமும் போயின. டென்சிங் வளர்ந்த ஊர் அது. 2025 வரை 31 தடவை எவரெஸ்ட் ஏறியிருக்கும் காமி ரீத்தாவின் ஊரும் அதுதான். பெட்டிச் செய்தியில் இதில் ஒரு வரி உண்டா?

கெல்ஜே ஷெர்பாவைப் பற்றி யாராவது நாலு பக்கம் எழுத மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். 2023 மே மாதம் சீனாவிலிருந்து வந்த ஒருவரை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். 'பால்கனி' என்ற இடத்துக்குப் பக்கத்தில், குளிரில் விறைத்துக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு மலேசியர் கிடந்தார். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தன்னோடு வந்தவரிடம் பேசி அவரைத் திரும்ப வைத்து, அந்த மலேசியரைப் படுக்கை விரிப்பில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆறு மணி நேரம். அந்த உயரத்தில் வெறும் ஆளாக நாலு எட்டு வைப்பதே பெரும்பாடு, ஐயா. அப்படிப்பட்டவர்களைப் பெயர் இல்லாமல் அச்சேற்றினால், அவர்கள் சாகும்போது 40,000 ரூபாய் போதும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த இளைஞருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வாரக்கணக்கில் கூடவே இருந்தவரின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அடுத்த இதழில் திருத்தமாக அதை வெளியிடுங்கள், அவர் ஊர்ப் பெயரோடு. இடம் இல்லையென்று இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் நான் எழுதிய எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கெல்ஜேயின் பெயரைத் தவிர.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
திண்டுக்கல்