பழகியது உடம்பு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாமல் போவதைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்றே போடுகிறீர்கள். பழகியது உடம்பு இல்லை, கிருமி. அதுவும் பல நேரம் சொந்தமாகப் பழகுவதில்லை, வேறொரு பாக்டீரியாவிடமிருந்து எதிர்ப்பு மரபணுவை அப்படியே வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் மண்ணுக்கு இருக்கும் பங்கு பற்றி ஒரு வரிகூட வராததுதான் என் குறை.

முதல் மழைக்கு மண் வாசனை கிளம்புமே, அதற்குப் பெரிய காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா. காசநோய்க்கு 1943-ல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அந்த இனத்திலிருந்து வந்ததுதான். விஷம் தயாரிக்கிறவன் தனக்கு மாற்று மருந்து வைத்துக்கொள்ளாமல் இருப்பானா? மருந்தைச் செய்யும் மரபணுக்களுக்குப் பக்கத்திலேயே அதிலிருந்து தப்பிக்கும் மரபணுவும் இருக்கிறது. அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களும் சும்மா இல்லை, மருந்தை உடைக்க நொதி, உள்ளே நுழைந்ததை வெளியே தள்ள பம்ப் என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. கனடாவில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு இருந்தது என்று 2011-ல் ஆய்வு வந்தது. அந்த மருந்தை மனிதன் கண்டுபிடித்ததோ 1950-களில்!

சரி, ஆதியிலிருந்தே இருப்பதற்கு நாம் என்ன செய்ய என்று கேட்கலாம். நாம் செய்தது அதைப் பெருக்கியதுதான். நெதர்லாந்தில் 1940 முதல் 2008 வரை சேகரித்து வைத்திருந்த மண்ணைச் சோதித்துப் பார்த்தபோது, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களில் சில 1970-களில் இருந்ததைவிட 15 மடங்குக்கும் மேல் கூடியிருந்தன. மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் மருந்தில் கணிசமான பகுதி சிதையாமலே கழிவில் வெளியேறி, எருவோடு வயலுக்குப் போகிறது. மருந்தின் மிச்சம், குடல் பாக்டீரியா, மண் பாக்டீரியா மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. அப்புறம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏறி மரபணு கைமாறுவதற்குக் கேட்கவா வேண்டும்? செபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகளைச் செல்லாக்காசாக்கும் சிடிஎக்ஸ்-எம் மரபணு, மண்ணிலும் நீரிலும் வாழும் குளுவேரா என்ற பாக்டீரியாவிலிருந்து இப்படித்தான் ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்கு வந்து சேர்ந்தது.

எருவை நன்றாக மக்கவிட்டால் மருந்தின் மிச்சம் குறையும், மரபணு முழுக்கப் போய்விடாது. அடுத்த முறை "டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்காதீர்கள்" என்று பெட்டிச் செய்தி போடும்போது, பண்ணைக்குப் போகும் மருந்தைப் பற்றியும் நாலு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்