கோர்ட்டுக்குப் போ, கண்ணு

கண்ணு,

சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகட்டுமா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு உங்கம்மா, "நமக்கெதுக்கு வம்பு, எதையும் பார்க்கலைன்னு சொல்லிடு" என்றாளே, அப்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்புறம் தூக்கமே வரவில்லை.

கொடிக்கம்பத் தகராறில் அந்தப் பையனை வெட்டியதை நீ மாடியிலிருந்து பார்த்திருக்கிறாய். அவனுடைய அம்மா தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் உன்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். போ கண்ணு. பார்த்ததைச் சொல்லு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

2000 பிப்ரவரி 2. தருமபுரி இலக்கியம்பட்டியில் எனக்கு சைக்கிள் கடை இருந்த காலம், நீ நாலு மாசக் குழந்தை. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை என்று செய்தி வந்ததும் கட்சிக்காரர்கள் சாலையை மறித்தார்கள். அந்த நேரம் பார்த்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலா முடித்து வந்த பஸ் அங்கே மாட்டிக்கொண்டது. அதைக் கொளுத்தினார்கள். மூன்று பெண் பிள்ளைகள் உள்ளேயே கருகிப்போனார்கள். அவர்களுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

நான் ரோட்டோரம்தான் நின்றேன். ஓடினவர்களில் இரண்டு முகம் எனக்குப் பழக்கமான முகம். போலீஸ் விசாரித்துக்கொண்டு வந்தபோது, அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கைக்குழந்தை இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பயம், வேறொன்றும் இல்லை.

என்னைப் போலப் பயந்தவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. வழக்கு முதலில் கிருஷ்ணகிரி கோர்ட்டில் நடந்தபோது சாட்சிகள் வரிசையாக முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்துபோனார்கள். அப்படியே விட்டிருந்தால் எல்லாரும் விடுதலையாகி வந்திருப்பார்கள். இறந்த பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பாதான் விடவில்லை, உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை சேலத்துக்கு மாற்றி முதலிலிருந்து விசாரிக்க வைத்தார். மகளைப் பறிகொடுத்த மனுஷனைத்தான் அந்த வேலையையும் செய்ய வைத்தோம் நாங்கள், கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட நாங்கள்.

2007இல் சேலத்தில் மூன்று பேருக்குத் தூக்கு, 25 பேருக்குச் சிறை என்று தீர்ப்பு வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது, அதே நீதிமன்றம் 2016இல் ஆயுளாகக் குறைத்தது, 2018 நவம்பரில் எம்ஜிஆர் நூற்றாண்டு என்று மூன்று பேரையும் அரசு வெளியே விட்டுவிட்டது. தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியை டிவியில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெற்றோர் வீட்டிலும் டிவி ஓடியிருக்குமே என்ற நினைப்புதான்.

நம்ம அரூர் பக்கத்து வாச்சாத்தியையும் நினைத்துக்கொள். 1992இல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்து அரசு ஆட்களே செய்த கொடுமை அது. மலையடிவாரத்துப் பழங்குடிப் பெண்கள், 18 பேர், சீருடைக்காரர்களுக்கு எதிராகக் கோர்ட்டில் நின்று நடந்ததைச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்குள் செத்தே போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று 19 வருஷம் கழித்து 2011இல் தருமபுரி கோர்ட் சொன்னது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களுக்குப் பயம் இல்லாமலா இருந்திருக்கும்?

உனக்கும் பயம் இருக்கும், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, மிரட்டல் வந்தால் அதில் பாதுகாப்பு கேட்டு மனு போடலாம், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும். போலீஸிடம் சொல்வதோடு நிறுத்தாமல், மாஜிஸ்திரேட் முன்னாலும் வாக்குமூலம் பதிவு செய்யச் சொல்லிக் கேள். முன்பு அதைச் சட்டத்தில் 164ஆவது பிரிவு என்பார்கள், புதிய சட்டத்தில் 183ஆவது பிரிவு. யார் போன் செய்து மிரட்டினாலும் தேதி, நேரம் போட்டு எழுதி வை. நிஜமாகப் பார்த்ததை மட்டும் சொல்லு, அந்த அம்மா மேல் இருக்கிற இரக்கத்தில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடிப்பார்கள்.

உங்கம்மாவிடம் இன்றைக்கு நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவாள், சரி, படட்டும்.

சம்மன் வந்ததும் தேதியைச் சொல்லு. முந்தின நாள் சாயங்காலமே பஸ் ஏறிவிடுகிறேன்.

அப்பா