பழைய ரேஸ் வேண்டும், அந்தச் சாவுகள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கார் பந்தய ரசிகர்களின் கருத்துகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். கிரிக்கெட்டுக்கே இடம் போதாத நாட்டில் ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. அதில் பேசிய பலரும் சொன்ன விஷயம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஓட்டியவர்கள் உயிரைப் பணயம் வைத்த வீரர்கள். இப்போது ஓட்டுகிறவர்கள் ரேடியோவில் இன்ஜினியர் சொல்வதைக் கேட்டு ஓட்டும் பிள்ளைகள். ஆபத்து இல்லாத ரேஸ் ஒரு ரேஸா? இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் பழைய ஆள்தான். கோவையின் ரேஸ் கார் தயாரிப்பாளர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதே கோவையில் லேத் பட்டறையில் டர்னராக இருந்தவன். எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005ல் மெல்போர்ன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜோர்டான் அணியின் காரில் இறங்கியபோது பட்டறையில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆகவே பழையதை மதிக்கத் தெரியாமல் இதை எழுதவில்லை.

பழைய ரசிகர்களின் சில குறைகள் நியாயமானவை. 2005 வரை ஓடிய வி10 என்ற பத்து சிலிண்டர் இன்ஜினின் சத்தம், 2014ல் வந்த, மின்மோட்டாரும் சேர்ந்த ஆறு சிலிண்டர் வி6 ஹைபிரிடில் இல்லை. வளைவுக்கு முன் கியர் குறையும்போது டிவி வழியாகவே நெஞ்சில் அதிரும் சத்தம் அது. கார்களும் பெருத்துவிட்டன. மொனாக்கோவின் தெருக்களில் இவை ஒன்றையொன்று முந்த இடமே இல்லை. 2024ல் அங்கே முதல் பத்து இடங்களில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் வந்து முடித்தார்கள். 1996ல் அதே மொனாக்கோவில் மழையில் ஆளாளுக்கு மோதி நின்று, கடைசியில் மூன்றே கார்கள் கோட்டைத் தாண்ட, 14வது இடத்தில் கிளம்பிய ஒலிவியே பானிஸ் ஜெயித்தார். அந்த மாதிரி ஒரு ஞாயிறுக்கு நானும் ஏங்குகிறேன்.

ஆனால் ‘இப்போது ஒரே அணி ஜெயிக்கிறது’ என்பதை ஏற்க மாட்டேன். 2023ல் ரெட்புல் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது உண்மை. 1988ல் மெக்லாரன் 16ல் 15ஐ வென்றதை மட்டும் ஏன் பொற்காலம் என்கிறோம்? சென்னா, ப்ராஸ்ட் என்ற இரண்டு பெரிய ஓட்டுநர்கள் ஒரே அணியில் அடித்துக்கொண்டார்கள் என்பதால்தான்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆபத்துதான் பந்தயத்தின் சுவை என்று சொல்கிறவர்கள் 1973 ஜூலை 29 அன்று ஹாலந்தின் ஸான்ட்வோர்ட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டாவது சுற்றில் ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. அவருக்கு வயது 25, அது அவருடைய இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம். பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்து, எரியும் காரை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்தில் இருந்த மார்ஷல்களிடம், அதாவது தளத்தில் கொடி காட்டி விபத்தைக் கவனிக்கும் பணியாளர்களிடம், தீயைத் தாங்கும் உடை கிடையாது, அவர்களால் நெருங்க முடியவில்லை. ஒரு தீயணைப்பு சிலிண்டர் காலியானதும் அவ்வளவுதான். மற்ற ஓட்டுநர்கள், எரியும் காரின் ஓட்டுநர்தான் வெளியே நிற்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். பந்தயம் நிறுத்தப்படவே இல்லை. வில்லியம்சன் அங்கேயே இறந்தார். பர்லிக்குப் பின்னர் ஜார்ஜ் மெடல் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். இதில் எதை ரசிக்கச் சொல்கிறீர்கள்?

அன்று ஜெயித்தவர் ஜாக்கி ஸ்டீவர்ட். 1966ல் பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் மழையில் விபத்துக்குள்ளாகி, பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் மாட்டிக்கொண்டிருந்தவர் அவர். அவரை எடுக்க கருவி இல்லாமல், பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றினார்கள். அதற்கப்புறம் அவர் பாதுகாப்பு வேலி, டாக்டர், சீட் பெல்ட் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பந்தயத்தின் அழகைக் கெடுக்கிறார் என்று ஏசினார்கள். மூன்று முறை உலக சாம்பியன் ஆனவரைப் பார்த்து! 1973 அக்டோபரில், அவருடைய நூறாவது பந்தயத்துக்கு முந்தின நாள், அணித்தோழர் ஃபிரான்சுவா செவெர் அமெரிக்காவின் வாட்கின்ஸ் க்ளென் தளத்தில் விபத்தில் இறந்தார். ஸ்டீவர்ட் அந்தப் பந்தயத்தில் ஓட்டாமலே விலகிவிட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பட்டறையில் தகடு அழுத்தும் பவர் பிரஸ் மெஷினுக்குக் கார்டு, அதாவது கையைக் காக்கும் தடுப்பு, இருக்கும், வேகம் குறையும் என்று கழற்றி வைத்திருப்பார்கள். கார்டு போட்டு ஓட்டுகிறவனைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். என் பக்கத்து மெஷின்காரருக்கு வலது கையில் மூன்று விரல் போன அன்று யாரும் அவரை வீரர் என்று சொல்லவில்லை. அவருடைய கைத்திறனுக்கும் அந்தக் கார்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஓட்டுநரின் திறமைக்கும் அப்படித்தான்.

2018ல் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்ற டைட்டானியம் வளையம் வந்தபோது அசிங்கமாக இருக்கிறது என்று ரசிகர்கள் கத்தினார்கள். அதை வேண்டாம் என்ற ஓட்டுநர்களில் ரொமெய்ன் க்ரோஜானும் ஒருவர். 2020 நவம்பரில் பஹ்ரைனில் முதல் சுற்றிலேயே அவர் கார் இரும்புத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய் இரண்டாக உடைந்து எரிந்தது. ஹேலோ அந்தத் தடுப்பிலிருந்து அவர் தலையைக் காத்தது. அரை நிமிடத்துக்குள் தீக்குள்ளிருந்து தானாகவே ஏறி வெளியே வந்தார். கையில்தான் காயம். டாக்டர் கார் ஏற்கெனவே அங்கே வந்து நின்றது. முதல் சுற்றில் எல்லா கார்களுக்கும் பின்னால் டாக்டர் கார் போக வேண்டும் என்பது, 1978ல் இத்தாலியின் மோன்ஸாவில் ஓட்டுநர் ரோனி பீட்டர்சன் விபத்தில் அடிபட்டு மறுநாள் இறந்த பிறகு, ஃபார்முலா ஒன் மருத்துவர் சிட் வாட்கின்ஸ் பிடிவாதமாக நின்று கொண்டுவந்த ஏற்பாடு. 42 வருடத்துக்கு முன் இறந்தவரால் ஒருவர் பிழைத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. 2023 ஜனவரியில் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் 59 வயது மூத்த கார் பந்தய வீரர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து, பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். ஆபத்து எங்கேயும் போய்விடவில்லை. அது போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டில் போய் இதைச் சொல்வார்களா?

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பக்கத்தை வெளியிடும்போது எங்களைப் போன்ற ரசிகர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீட்வே தளத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் நாள் முழுக்க வெயிலில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்களிடம் கேளுங்கள். விபத்து நடந்தால் யார் முதலில் ஓடுகிறார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி, என்ன உடை கொடுக்கிறார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று எழுதுங்கள். எந்தக் காலத்து ரேஸ் உசத்தி என்ற சண்டையை நாங்கள் டீக்கடையில் வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
கணபதி, கோவை - 6