செல்போனைப் பிடித்திருப்பவனுக்கும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூர் மலை ரயில் பாதையில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தை நடந்து சரிபார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரீல்ஸ் சவால்களில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். 'பெற்றோர் கவனிக்க வேண்டும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பேரனின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஆபத்தான சவால்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. சாயங்காலத்துக்குள் பேரன் அதில் பாதியை யூடியூபில் தேடிவிட்டான். 2018-ல் மோமோ விஷயத்திலும் இந்தக் கூத்துதான் நடந்தது. ஜப்பானில் செய்த ஒரு கோரமான சிற்பத்தின் படத்தைப் போட்டு, அது பிள்ளைகளைச் சாகத் தூண்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளினோம். பெரும்பாலும் வதந்தி என்று அப்புறம் தெரிந்தது. டிக்டாக்கை 2020-ல் தடை செய்தார்கள், பிள்ளைகள் வேறு ஆப்புக்குப் போனார்கள். பெயரைத் துரத்திப் பயனில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நம் ரயிலை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் வருவது பெட்டிதான், அதன் முகப்பில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். ரன்னிமேடு பக்கம் தண்டவாளத்தில் நின்று வீடியோ எடுக்கும் பையன்களுக்கு இது தெரிவதில்லை. புகை தூரத்தில்தானே இருக்கிறது என்று நினைப்பார்கள், பெட்டி வளைவைத் தாண்டியிருக்கும். 'மெதுவாத்தானே வரும்' என்பார்கள். மெதுவாகத்தான் வரும். ஆனால் இன்ஜின் பற்றி ஏறுவதற்காகத் தண்டவாளத்துக்கு நடுவில் ஓடும் பல்சட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், மழை நேரத்தில் கால் வழுக்கினால் ஒதுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

அப்படி ஒருநாள் மூன்று பையன்களைப் பிடித்து உட்காரவைத்தேன். அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை என்றேன். குடையோடு ஆடியவன் காதிலேயே வாங்கவில்லை. செல்போன் வைத்திருந்தவன்தான் மெல்லச் சொன்னான்: "எனக்கு முதல்லயே பயமாத்தான் இருந்துச்சு அங்கிள். சொன்னா கிண்டல் பண்ணுவாங்க."

இவனுக்குத்தான் யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை. ஆடுகிறவனுக்கு அந்த நேரம் புத்தி ஏறாது. படம் எடுக்கிறவன் மாட்டேன் என்றால் சவாலே இல்லை.

ரயில்வேயில் சிவப்புக் கொடி காட்டுகிறவர் நேற்று வேலைக்குச் சேர்ந்த டிராக்மேனாக இருந்தாலும் டிரைவர் முதலில் நிறுத்துவார். ஏன் எதற்கு என்பதெல்லாம் அப்புறம். கொடி இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினால் போதும். இதைப் பேரனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பழக்கியிருக்கிறேன். ஒருவன் கையைத் தூக்கினால் செல்போன் பைக்குள் போக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. 'பயந்தாங்கொள்ளி' என்று சொன்னவன் எல்லோருக்கும் எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட் வாங்கித்தர வேண்டும். (வர்க்கிக்காகவே கையைத் தூக்குகிறவனும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.) பெயர்ப் பட்டியலுக்குப் பதில் பள்ளிகள் இதைச் செய்து பழக்கலாம். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அவசரத்தில் கை தானாக எழும்பும்.

தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் சவாலுக்கு இது உதவாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு, ராத்திரி செல்போன் கூடத்தில்தான் இருக்க வேண்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. யாராவது மிரட்டிச் செய்யச் சொன்னால் பிள்ளையே குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்படி விபத்து நடந்தால் அந்த வீடியோவின் படத்தைப் போடாதீர்கள், 'லட்சம் பேர் பார்த்தது' என்று தலைப்பும் வேண்டாம். காட்டெருமை பக்கத்தில் செல்ஃபி எடுத்த செய்திக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கீமேன்,
குன்னூர்.